ஊத்திக்க ஒண்ணும் இல்லீங்களா?

ஓவன் வாங்கிய வீடுகளில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கேக், அடுத்து பீட்சா, அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு மீன். கேக்குக்கும் பீட்சாவுக்கும் தட்டில் வேறு துணை வேண்டாம். மீன் அப்படி இல்லை. தோல் சிவந்து, மசாலா காய்ந்து, ட்ரேயோடு மேசைக்கு வந்து இறங்கிய பிறகுதான் சமைத்தவருக்கே உறைக்கும்: இதை எதோடு சாப்பிடுவது? சோறா, ரொட்டியா, கிழங்கா? சோறு என்றால் அதில் எதை ஊற்றிப் பிசைவது? இதற்குப் பதில் கிடைக்காத வீடுகளில் ஓவன் மறுபடி கேக்குக்குத் திரும்பிவிடும்.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் என் மாமியார். கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். நான் நாகர்கோவில், வாழ்வது சென்னையில். ஞாயிறு மதியச் சமையல் என் பொறுப்பு என்பதால், அவர் வந்திருந்தபோது பெருமையாக ஒரு முழுக் கொடுவாவை ஓவனில் வைத்து எடுத்தேன். பக்கத்தில் வெண்ணெயில் புரட்டிய கேரட், பீன்ஸ், மசித்த உருளைக்கிழங்கு. தட்டைப் பார்த்தார். ஒரு வாய் மீன் எடுத்தார். "மீனு நல்லாருக்குதுங்க மாப்ள. ஊத்திக்க ஒண்ணும் இல்லீங்களா?" என்றார். குறை சொல்லும் தொனி அதில் கொஞ்சமும் கிடையாது. ஆனால் பேக் செய்த மீனைப் பற்றி நான் படித்த எந்தச் சமையல் புத்தகமும் இவ்வளவு நேராக விஷயத்துக்கு வந்ததில்லை.

நம்முடைய சாப்பாட்டில் நடுவில் இருப்பது சோறு. மீன் ஓரத்தில் இருக்கும். வறுவல் எவ்வளவு காய்ந்திருந்தாலும் கவலையில்லை. சோற்றில் குழம்போ ரசமோ இருக்கிறது. ஓவன் மீன் என்பது உண்மையில் பெரிய அளவு வறுவல்தான். ஆனால் அது குழம்பின் இடத்தையும் சோற்றின் இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. பிடித்துக்கொண்டு, குழம்பு செய்துவந்த வேலையை மட்டும் செய்யாமல் விட்டுவிடுகிறது.

அந்த வேலை என்ன என்று பார்த்தால் பாதிச் சிக்கல் தீரும். மீன் தசையில் இணைப்புத் திசு குறைவு. ஆட்டுக்கறி மாதிரி மணிக்கணக்கில் வேக வேண்டியதில்லை; உள்ளே 60 டிகிரி செல்சியஸ் சூடு எட்டினாலே வெந்துவிடும். அதைத் தாண்டப் பார்த்துக்கொண்டிருந்தால் தசை சுருங்கித் தன் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். ட்ரேயில் வெள்ளை வெள்ளையாகத் திரண்டு நிற்கிறதே, அது அந்த நீரோடு வந்த புரதம். மண்சட்டியில் இந்த நீர் எங்கும் போய்விடாது. புளிக்கரைசலில் கலந்து, மறுநாள் பழங்குழம்பாகும்போது அதன் முழு ருசியும் தெரியும். ஓவனுக்குள் 200 டிகிரியில் சுற்றும் காய்ந்த காற்று அதை அப்படியே உலர்த்திவிடுகிறது. உலர்த்தவும் வேண்டும். மேல்தோலில் ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, தாண்டாதவரை சிவக்காது. மொறுமொறுப்பு வேண்டுமானால் ஈரத்தை இழக்கத்தான் வேண்டும்.

வாழையிலையில் மடித்து வைத்தால் ஈரம் தங்கும், மொறுமொறுப்பு போகும். கேரளத்து மீன் பொள்ளிச்சதும், பார்சிகளின் பத்ரானி மச்சியும் இலைக்குள்ளேயே மசாலாவையோ கொத்தமல்லித் தேங்காய்ச் சட்னியையோ வைத்து மூடிவிடுகின்றன. துணைக்கு வேண்டியதைக் கூடவே கூட்டிக்கொண்டு வருகிற மீன்கள் அவை. அவற்றைப் பற்றி எனக்குக் கவலையில்லை. திறந்த ட்ரேயில் படுத்திருக்கும் மீனைப் பற்றித்தான் பேச்சு.

கேரட், பீன்ஸ், மசித்த உருளை என்ற அந்தத் தட்டு எங்கிருந்து வந்தது? நட்சத்திர ஓட்டல்களிலும் பழைய கிளப்புகளிலும் பார்த்ததுதான். அங்கே அதைக் கொண்டுவந்தவர்கள் கூடவே ஒரு சாஸும் கொண்டுவந்தார்கள்: வெண்ணெயும் எலுமிச்சையும் சேர்ந்தது, பாலில் பார்ஸ்லி இலை நறுக்கிப் போட்டது என்று ஏதாவது ஒன்று. மீனுக்கு உண்மையான துணை அந்த சாஸ்தான். காய்கறி வெறும் நிறத்துக்கு. நாம் நிறத்தைப் பிடித்துக்கொண்டோம், சாஸை விட்டுவிட்டோம். வேகவைத்த பீன்ஸை ஒரு வாய், மீனை ஒரு வாய் என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை.

அன்றைக்கு மாமியார் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சமையலறைக்குப் போனார். எலுமிச்சை அளவு புளியை ஊறவைத்துக் கரைத்தார். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம், கல்லுப்பு, கறிவேப்பிலை, கொத்தமல்லி எல்லாவற்றையும் கையாலேயே நசுக்கிப் பிசைந்து அதில் போட்டார். அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை. கொங்குப் பக்கத்துப் பச்சைப்புளி ரசம். வெயில் காலத்தில் அவர்கள் வீட்டில் அடிக்கடி வைப்பது. வரமிளகாயைச் சுட்டு நொறுக்கிப் போடுவதும் உண்டு. ஒரு கரண்டி சூடான சோற்றில் அதை ஊற்றிப் பிசைந்து, கொடுவாவைப் பிட்டு வைத்துக்கொண்டு சாப்பிட்டதும் எனக்கு மலேசியா ஞாபகம் வந்தது.

மலேசியாவில் இகான் பக்கார் கடைகளில் சம்பல் தடவிய மீனை வாழையிலையில் வைத்துத் தணலிலோ சூடான தகட்டிலோ சுடுகிறார்கள். கூடவே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஆயர் அசாம் வரும். புளித்தண்ணீர், நறுக்கிய சின்ன வெங்காயம், மிளகாய், கொஞ்சம் பெலாச்சான் என்கிற இறால் விழுது. விழுதை எடுத்துவிட்டால் மாமியார் வைத்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மலாக்காவில், 1511இல் அந்த ஊரைப் பிடித்த போர்ச்சுகீசியரின் வழிவந்தவர்கள் வாழும் உஜோங் பாசிர் குடியிருப்பிலும் சுட்ட மீனுக்குப் பேர்போன கடைகள் உண்டு. அங்கே துணைக்கு சிஞ்சாலோக் என்ற புளிக்கவைத்த பொடி இறால், வெங்காயம், எலுமிச்சை. பாக்தாதில் டைகிரிஸ் கரையோரம் அபு நுவாஸ் தெருவில் கெண்டையை முதுகுப் பக்கம் பிளந்து விரித்து விறகுத் தீக்கு முன்னால் நிறுத்தி வாட்டும் மஸ்கூஃப் இருக்கிறதே, அதற்கும் பச்சை வெங்காயம், தக்காளி, எலுமிச்சை, கூடவே அம்பா. அம்பா வேறொன்றுமில்லை, மஞ்சளும் வெந்தயமும் போட்ட மாங்காய் ஊறுகாய். பம்பாயில் வியாபாரம் செய்த பாக்தாத் யூதர்கள் கொண்டுபோனது என்று சொல்வார்கள்.

குழம்பில்லாமல் மீனைத் தீயில் காட்டும் ஊர்கள் இவை. மூன்றுமே போய்ச் சேர்ந்த இடம் புளிப்பு. அதற்குக் காரணமும் உண்டு. கடல்மீன் வாடையில் பெரும்பங்கு டிரைமெத்திலமீன் என்ற காரத்தன்மை கொண்ட பொருளுடையது. அமிலம் பட்டால் அது உப்பாக மாறி, ஆவியாக மேலெழாமல் அடங்கிவிடும். தட்டோரத்தில் எலுமிச்சைத் துண்டு வைக்கும் பழக்கத்துக்கு இதைவிட ஆழமான காரணம் தேட வேண்டாம். ஆனால் ஒரு துண்டு எலுமிச்சை ஒரு முழு மீனுக்குக் காணாது. புளிப்பு கிண்ணத்தில் இருக்க வேண்டும், நீராகவும் இருக்க வேண்டும், கடிக்க அதில் பச்சை வெங்காயமும் கிடக்க வேண்டும். இந்த மூன்றும் கிடைத்துவிட்டால் அப்புறம் தட்டில் வேறு எதை வைத்தாலும், வைக்காவிட்டாலும், குடி முழுகிவிடாது.

ஒன்று மட்டும். ரசத்தை மீன்மேல் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு நேரம் பாடுபட்டுக் காயவைத்த தோலை ஏன் நனைக்க வேண்டும்? அதற்குச் சட்டியிலேயே போட்டிருக்கலாம்.

எந்த மீனுக்கு எது என்பதில் நொச்சிக்குப்பத்தில் நான் வழக்கமாக வாங்கும் அக்கா எனக்கு ஆசிரியை. ஓவனுக்கு என்று சொன்னதுமே வஞ்சிரத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டார். "அது வாணாம் கண்ணு, சக்கையா பூடும். கொடுவா எட்த்துக்கோ, இல்லாங்காட்டி சங்கரா." சரிதான். எங்கள் ஊரில் நெய்மீன் என்று தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் வஞ்சிரம், துண்டு போட்டு எண்ணெயில் பொரிக்கப் பிறந்தது. ஓவனில் நாலு நிமிடம் கூடினாலும் பஞ்சு மாதிரி ஆகிவிடும். கொடுவாவும் சங்கராவும் முழுசாக, தோலோடும் முள்ளோடும் போகும். முள் சூட்டை மெதுவாக விடும். கொடுவாவுக்கு இன்னொரு வசதி, அது உவர்நீர்க் குளங்களில் வளர்க்கப்படுவதும் உண்டு. நொச்சிக்குப்பத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் கொடுவாவைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யவைத்ததில் தொடங்கிய கதை அது.

கொடுவா சாதுவான மீன். அதற்குப் பக்கத்தில் சத்தம் போடும் எதையும் வைக்கக் கூடாது. பச்சைப்புளி ரசத்தைக்கூடக் கொஞ்சம் நீர்க்க வைக்கலாம். கூட ஒரு முருங்கைக்கீரைத் துவரன், தேங்காய் கொஞ்சம் தாராளமாக. அயலை, சாளை என்றால் கதை வேறு. எண்ணெய்ச் சத்துள்ள மீன்கள். ஓவனில் தம் கொழுப்பிலேயே வெந்துகொள்ளும், எளிதில் காயாது. அவற்றுக்குத் துணை முரடாக இருக்க வேண்டும். வினிகரில் ஊறிய வெங்காயம், மாங்காய்க் கீற்று, காந்தாரி மிளகாய்.

சாளை என்றதும் என் கை மரச்சீனிக்கிழங்கைத் தேடும். அது எங்கள் ஊர்ப் பழக்கம். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரின் பக்கம். 1880 முதல் 1885 வரை அங்கே ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைப் பரப்ப முனைந்து வேலை செய்தார். அரசர் சொன்னதால் மட்டும் யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வராமல் போனபோது கிழங்குதான் பல வீடுகளில் அடுப்பை அணையாமல் காத்தது. அப்போது துணைக்கு எது சுலபமாகக் கிடைத்ததோ அது ஜோடியாக நிலைத்துவிட்டது. கடலோரத்தில் அது சாளை. பட்டினியில் சேர்ந்த ஜோடி, வசதி வந்த பிறகும் பிரியவில்லை. இன்று நட்சத்திர ஓட்டல்களின் விலைப்பட்டியலில் இருக்கிறது. அந்த விலையைப் பார்த்தால் என் பாட்டி சிரித்திருப்பாள்.

கிழங்கைத் தோல் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும். கிழங்கில் இருக்கும் சயனைடு தரும் பொருள் அதோடு போகும். கசப்புக் கிழங்கானால் இரண்டு முறை வடிப்பார்கள். இப்படி வேகவைத்த கிழங்கையும் ஓவனில் வாட்டிய சாளையையும் ஒரு தட்டில் வைத்துப் படமெடுத்து ஊருக்கு அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "கிழங்கும் காஞ்சது, மீனும் காஞ்சது. எதுல மக்களே தொட்டுத் திங்க?" கோபியும் நாகர்கோவிலும் வேறு எதிலும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

அம்மாவின் தீர்வு சம்மந்தி. காந்தாரி மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, துளி புளி, நாலையும் அம்மியில் சதைத்து, பச்சைத் தேங்காயெண்ணெய் ஊற்றிக் குழைப்பது. அளவு பார்க்க வேண்டியது எண்ணெயில்தான். கிழங்கின் வறட்சியை வாங்கிக்கொள்ளும் அளவுக்குத் தாராளமாக இருக்க வேண்டும். ரசம் இங்கே சரிவராது, கிழங்கு கரைந்து கூழாகிவிடும். தொண்டையை நனைக்கக் கட்டன்சாயா இருக்கிறது. மீனோடு தேநீரா என்று கேட்பவர்கள் குளச்சலில் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

தயிரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பேக் செய்த மீனுக்கு வெள்ளரிக்காய்த் தயிர்ப்பச்சடியைத் துணையாகச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். குளிர்ச்சி, புளிப்பு, ஈரம் மூன்றும் அதில் இருக்கின்றன. என் கணக்குப்படியே பார்த்தால் அதுதான் முதலிடத்துக்கு வர வேண்டும். ஆனால் நம் வீடுகளில் மீனோடு தயிர் சேராது. மீனும் பாலும் ஒன்றுக்கொன்று பகை என்று சரக சம்ஹிதை சொல்கிறது; வழக்கத்தில் அது தயிரையும் இழுத்துக்கொண்டது. வங்காளிகள் தயிரிலேயே மீனை வேகவைத்து தோய் மாச் என்று விருந்தில் பரிமாறுகிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதையெல்லாம் நான் மேசையில் எடுத்துச் சொல்லிப் பார்த்ததுண்டு. தலையாட்டினார்கள். பச்சடிக் கிண்ணம் மட்டும் தொடப்படாமல் உள்ளே போயிற்று. சாப்பிட வந்தவர் தயங்கித் தயங்கி எடுக்கும் ஒன்று, எவ்வளவு பொருத்தமானதாக இருந்தாலும், துணை ஆகாது. நான் வைப்பதை விட்டுவிட்டேன். வெள்ளரிக்காயை அப்படியே நறுக்கி உப்பும் எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தூவி வைக்கிறேன், காலியாகிவிடுகிறது.

ஓவன் சூடாகத்தானே இருக்கிறது, உருளைக்கிழங்கையும் அதே ட்ரேயில் போட்டுவிடலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். நேரக் கணக்கு இடிக்கும். மீனின் தடிப்பான இடத்தில் ஓர் அங்குலத்துக்குப் பத்து நிமிடம் என்று கனடாவின் மீன்வளத் துறை பரப்பிய ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நல்ல சூட்டில் அது பெரும்பாலும் பொய்ப்பதில்லை. உருளைக்கு முக்கால் மணி நேரமாவது வேண்டும். முன்கூட்டியே உருளையை உள்ளே அனுப்பி, பாதியில் மீனைச் சேர்ப்பது ஒரு வழி. ஆனால் உருளையும் காய்ந்த பண்டம்தானே. கிரேக்கர்கள் பிளாகி என்று செய்வது எனக்கு இதைவிடப் பிடிக்கும். வெங்காயமும் தக்காளியும் பூண்டும் அடியில் பரப்பி, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, மேலே மீனை வைத்து ஓவனுக்குள் தள்ளுகிறார்கள். தக்காளி விடும் நீரும் மீன் விடும் நீரும் கீழே கலந்து தளதளவென்று ஒன்று சேர்ந்திருக்கும். மேலே தோல் சிவந்திருக்கும். துணை தானாகவே அடியில் தயாராகிவிடுகிறது. நான் நல்லெண்ணெயும் கொஞ்சம் தட்டிய மிளகும் போட்டுச் செய்கிறேன். மாமியார் இதைக் குழம்பு என்று ஒத்துக்கொள்ளவில்லை. தொக்கு என்ற அளவில் ஏற்றுக்கொண்டார்.

சோற்றில் எந்தச் சோறு என்பதற்கும் ஒரு வார்த்தை. எலுமிச்சைச் சோறு பலருக்கு முதலில் தோன்றும். வேண்டாம், புளிப்பு இருக்கிறது, ஆனால் உதிரி உதிரியாகக் காய்ந்தது. தேங்காய்ச் சோறு பச்சைப்புளி ரசத்துக்கு நன்றாக இடம் கொடுக்கும். எங்கள் ஊர்ச் சிவப்புச் சம்பா அரிசி எல்லாவற்றையும்விட நன்று, கிடைத்தால். லெபனான், சிரியா கடற்கரைகளில் சயாதியா என்று, வெங்காயத்தை நன்றாகக் கருகக் கருகச் சிவக்கவிட்டு மீன்முள் வெந்த நீரிலேயே அரிசியை வேகவைக்கிறார்கள். அதை ஒருமுறை சாப்பிட்டவர்கள் மீன்காரரிடம் தலையை எறியச் சொல்ல மாட்டார்கள்.

இதில் கைகொடுக்காத ஒன்று மாங்காய்ப் பருவம். மீனுக்குப் பச்சை மாங்காயை மிஞ்சிய துணை இல்லை என்பது என் கட்சி. கிளிமூக்கு மாங்காயை மெல்லிசாகச் சீவி, சின்ன வெங்காயம், மிளகாய், உப்பு, தேங்காயெண்ணெய் விட்டுப் பிசறினால் போதும். ஆனால் மாங்காய் நிறைந்து கிடக்கும் நாட்களில் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப் படகுகள் கொண்டுவரும் மீன் விலை ஏறிக் கிடக்கும். எங்கள் ஊரின் மேற்குக் கரையிலோ தடை ஜூன் 1இல்தான் தொடங்கி ஜூலை 31 வரை போகும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் நாகர்கோவிலுக்குப் போனால் மாங்காயும் மீனும் ஒரே சந்தையில் நியாயமான விலைக்குக் கிடைக்கும். பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போவதற்கு நான் வீட்டில் சொல்லும் காரணம் வேறு.

மிஞ்சிய மீனை மறுபடி ஓவனில் சூடு பண்ண வேண்டாம், கெட்டியாகிவிடும். முள் நீக்கி உதிர்த்து, இஞ்சி, பச்சை மிளகாய், நிறையச் சின்ன வெங்காயம் தாளித்து அதில் புரட்டினால் சுறாப்புட்டு மாதிரி ஒன்று கிடைக்கும். சங்கராவில் பொடி முள் இருக்கும், குழந்தைகள் உள்ள வீட்டில் விரல் வைத்துத் தடவிப் பார்ப்பது நல்லது. எடுத்த முள்ளையும் தலையையும் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் ரசத்துக்கு அடிநீர் ஆயிற்று. அதை மிளகு ரசமாக வைப்பதா, தக்காளி ரசமாக வைப்பதா என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் உடன்பாடு வரவில்லை. நான் மிளகுக் கட்சி.